முதியவருக்கு ஏற்ற மெத்தை

திருப்பாவையின் பத்தொன்பதாம் பாசுரத்தில் ஆண்டாள், கண்ணன் துயிலும் படுக்கையைப் பஞ்ச சயனம் என்று குறிப்பிடுகிறாள். அழகு, குளிர்ச்சி, மென்மை, வெண்மை, நறுமணம் என்னும் ஐந்து குணங்களும் பொருந்திய படுக்கை என்பது பெரியோர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. ஐவகைப் பொருள்களை அடைத்துச் செய்த படுக்கை என்பாரும் உளர். அந்த ஐந்தனுள் இலவம்பஞ்சும் ஒன்று. இன்றைய கடைக்காரரோ ஐந்து குணங்களுள் மென்மை ஒன்றையே விரித்துப் பேசுகிறார். முதியோருக்கு இடர் விளைவிப்பதும் பெரும்பாலும் அந்த மென்மையே.

வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோர் மீதுள்ள அன்பினால் விலையுயர்ந்த மெத்தையை வாங்கி அனுப்புகின்றனர். படுத்தவுடன் உடல் பள்ளத்தில் இறங்குவது போல் அமிழ்கிறது. வைகறையில் எழுந்து நீராடிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கமுடையவர், அதிலிருந்து புரண்டு எழுவதற்கே கையூன்றித் தவிக்க நேரிடுகிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழும் வேளையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் நேரும் துன்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாறாயின் வெறும் பலகையே முதுகுக்கு நல்லதா? பலரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்புவலி உடைய 313 பேரிடம் 90 நாட்கள் நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று, 2003-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களைக் காட்டிலும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி மிகுதியாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. கையால் அமுக்கிப் பார்த்து இதனை அறிய இயலாது. கடையில் கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உறங்கும் நிலையில் பத்து நிமிடமேனும் படுத்துப் பார்த்தல் வேண்டும். பிறர் துணையின்றிப் புரளவும் எழவும் முடிகிறதா என்பதே முதற் சோதனை.

அடுத்தது உயரம். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் ஏறக்குறைய இடுப்பின் மட்டத்தில் இருத்தல் நலம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து 18 முதல் 20 அங்குலம் என்பது பலருக்குப் பொருந்தும். ஏற்கெனவே 14 அங்குலக் கட்டில் இருக்கும் வீட்டில் 8 அங்குல மெத்தையை ஏற்றினால், குள்ளமான பாட்டிக்குக் கால் தரையில் எட்டாது. அங்கே 4 அல்லது 5 அங்குலமே போதும்.

இலவம்பஞ்சு மெத்தைக்குத் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் பெயர்பெற்றது. எடை குறைவு, உடலுக்குச் சூடு தராது. ஆயினும் நாளடைவில் பஞ்சு அமுங்கித் திரண்டுவிடும். அடிக்கடி வெயிலில் காய வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சைக் கொட்டித் தைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இன்று எளிதில் அகப்படுவதில்லை. ஊரில் அத்தகையவர் இருந்தால் இதைவிடச் சிக்கனமான மெத்தை வேறில்லை.

தேங்காய் நாரில் ரப்பர்ப் பால் தெளித்துச் செய்யும் நார் மெத்தை நடுத்தரக் குடும்பங்களின் பழைய துணை. காற்றோட்டம் உள்ளது, நம் வெப்பத்துக்கு ஏற்றது. படுக்கும் இடத்தில் குழி விழுவதே இதன் குறை. நாடாக் கட்டிலில் இட்டால் விரைவில் விழும். சமமான பலகையின் மேல் இட்டு, மூன்று மாதத்துக்கொரு முறை தலைமாடு கால்மாடு மாற்றியும் புரட்டியும் போட்டால் நெடுநாள் உழைக்கும். தூக்கிப் புரட்டப் பிள்ளைகள் வரும் நாளைப் பார்த்திருக்க வேண்டியதுதான்!

நுரை மெத்தையில் தடிமனைவிட அடர்த்தியே ஆயுளை முடிவு செய்கிறது. கடைக்காரர் 'டென்சிட்டி' என்று கூறும் எண், ஒரு கனமீட்டர் நுரையின் எடை எத்தனை கிலோ என்பதாகும். அடியடுக்கு 32-க்குக் குறையாமல், இயன்றால் 40-ஐ ஒட்டி இருப்பது நன்று. அந்த எண்ணை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லலாம். உறையில் ஜிப் இருந்தால் திறந்து உள்ளடுக்குகளைப் பார்ப்பதில் தவறில்லை. மெமரி ஃபோம் உடல் சூட்டைத் தேக்கும். அதில் அமிழ்ந்தவர் புரள்வதும் கடினம். இயற்கை லேடக்ஸ் நீடித்து உழைக்கும். ஆனால் விலையும் எடையும் மிகுதி.

விலையை ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தல் வேண்டும். 8,000 ரூபாய் மெத்தை நான்கு ஆண்டில் குழிந்தால் ஆண்டுச் செலவு 2,000 ரூபாய். 15,000 ரூபாய் மெத்தை பத்தாண்டு உழைத்தால் 1,500 ரூபாய்தான். இதைக் கண்டு உத்தரவாத ஆண்டுகளையே ஆயுள் என்று கொள்ளலாகாது. எத்தனை அங்குலம் குழிந்தால் மாற்றித் தருவர், கறை பட்டால் உத்தரவாதம் செல்லுமா, சில ஆண்டுகள் கழிந்தபின் பாதி விலையை வாங்குபவரே செலுத்த வேண்டுமா என்பவற்றை அட்டையில் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் பேரனைப் படிக்கச் சொல்லலாம்.

படுத்த படுக்கையாக உள்ளவருக்கு மேற்கூறிய எதுவும் போதாது. படுக்கைப் புண் வராமல் தடுக்க, மாறி மாறிக் காற்று நிரம்பும் மெத்தையை மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டும். நகரங்களில் அது வாடகைக்கும் கிடைக்கிறது.

வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் உறையை அகற்றிவிடுதல் அவசியம். புதிது கெடாதிருக்கட்டும் என்று அப்படியே விட்டால் வியர்வை தேங்கும். பருத்தி உறை போதும். பஞ்சு மெத்தைக்கு வெயில் நல்லது. ரப்பரும் நுரையும் நேர் வெயிலில் நைந்து உதிரும், அவற்றை நிழலில் காற்றாட வைக்க வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தையை விலைக்குப் போடும் முன், உள்ளிருக்கும் நல்ல பஞ்சை எடுத்துக் காய வைத்தால் வீட்டுக்கு வேண்டிய தலையணைகள் தேறும்.