திருத்திய சிரிப்பு

ஆம்பூர்க்காரருக்குத் தோலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முள் கீறியது, உண்ணி கடித்தது, சூடு போட்டது எல்லாம் தோலில் அப்படியே இருக்கும். வடு அதிகமுள்ள தோலை மேலாகத் தேய்த்து, நிறப்பூச்சு அடித்து, சூடான தகட்டில் அழுத்திப் புது ரேகை பதிப்பார்கள். கரெக்டட் கிரெய்ன், அதாவது திருத்தியது. தேய்க்காத ஃபுல் கிரெய்னுக்குத்தான் விலை அதிகம்.

ஏறக்குறைய இதே வேலையைப் பல்லில் செய்தால் 'ஸ்மைல் மேக்ஓவர்'. அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, பல் நிறப் பிசினை அப்பி, நீல ஒளியில் இறுக்கி, பாலிஷ் போடுகிற பாண்டிங். உடைந்த பல்லுக்கு அருமையான வைத்தியம், அதில் எனக்குச் சண்டையில்லை. காவிக்கறைக்கு அதை விற்கிற பேச்சோடுதான் சண்டை. "தன்னம்பிக்கை குறையுதா?"வாம்!

எந்தக் கறை? இந்தப் பக்கத்துப் பாறைநிலத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. எனாமல் உருவாகிற வயதில், சுமார் 8 வயசுக்குள், அதற்கு மேல் உள்ள தண்ணியையே குடித்து வளர்ந்தால் பல் முளைக்கும்போதே திட்டோடு முளைக்கலாம். தேய்த்தால் போகாது. நாமோ "ஒழுங்கா பல்லு விளக்க மாட்டியா?"ன்னு கேட்போம். பக்கத்து தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு 2013இல் வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் இருந்தது. குற்றவாளி தண்ணி என்று அரசே ஒப்புக்கொண்ட விஷயம்.

ஃபுளோரைடு பாறையிலிருந்து வருவது, அதற்குத் தோல் ஆலைகளைத் திட்ட முடியாது. ஆனால் பாலாற்றைக் கெடுத்ததற்காக இந்த வேலூர் மண்ணிலிருந்து போன வழக்கில்தான், 1996இல், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பல்லுக்கு மட்டும் குடித்தவள் கட்டுகிறாள். ஷூ கம்பெனிச் சம்பளத்தில், கல்யாணத்துக்கு முன்னால், ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று.

ஒருமுறை கட்டினால் முடியுமா? பிசின் டீயில் நிறம் மாறும், ஓரம் உடையும், சில வருஷத்தில் திரும்பப் போடணும். ஃபுளோரோசிஸ் கடுமையான எனாமலில் அது சரியாக ஒட்டுவதுமில்லை. இதை எந்த போர்டு சொல்கிறது?

"அவ பல்லு, அவ இஷ்டம்"னு சொல்வீங்க. சரிதான். வாயைப் பொத்தியே சிரிக்கப் பழகினவள் அதைப் போட்டுக்கொண்டால் நான் யார் கேட்க? கேட்பது கிளினிக்கை, பெண் பார்க்க வந்து பல்லைப் பார்க்கிற குடும்பங்களை.

அடுத்த தடவை உள்ளே போகும்போது கவனியுங்கள். டாக்டர் முதலில் எடுப்பது ஷேடு அட்டையா, இல்லை "சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சீங்க?" என்ற கேள்வியா? வீட்டில் குழந்தை இருந்தால் போர் தண்ணியைப் பரிசோதிக்கச் சொல்கிறாரா? குடிநீர் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒரு பாட்டில் தண்ணி போதும்.