நீர் பிரியும் மேட்டை அளந்து வைத்தல்

தம் வயலின் வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும் உடனே கண்டுகொள்ளும் நிலச்சுவான்தார்கள், ஓர் ஆற்றின் வடிநிலத்தை மற்றோர் ஆற்றின் வடிநிலத்தினின்று பிரிக்கும் மேடு நகர்வதைக் கவனிப்பதில்லை. பெய்யும் மழை எப்பக்கம் வடியும் என்பதை முடிவு செய்வது அம்மேடேயாகும்.

மலைப்பிரதேசங்களில் இம்மேட்டை இயற்கையே நகர்த்துகிறது. சரிவு மிகுந்த பக்கத்து ஓடை மண்ணை விரைந்து அரிப்பதால், மேடு மறுபக்கம் ஒதுங்குகிறது. இருபுறத்து ஓடை மணலிலும் உள்ள பெரில்லியம்-10 என்னும் பொருளின் அளவைக் கொண்டு, எப்பக்கம் விரைந்து அரிபடுகிறது என்று விஞ்ஞானிகள் கணிக்கின்றனர். அம்மாறுதல் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்வது. பாலாறு முற்காலத்தில் இன்றைய கொசஸ்தலையாற்றின் வழியே வடகிழக்காக ஓடியதென்பது நிலவியலார் கருத்து.

சமவெளியிலோ, மனிதர் கையால் ஒரே கோடையில் மேடு மாறிவிடக் கூடும். பூவிருந்தவல்லிக்கு மேற்கிலுள்ள குத்தம்பாக்கம், வடக்கே கூவத்துக்கும் தென்கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரிக்கும் இடைப்பட்டது. அவ்வேரியின் உபரிநீர் அடையாற்றைச் சேரும். இப்பகுதியில் ஆறுகளின் எல்லையை மனிதர் கடந்தது புதிதன்று. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்று நீர் கூவத்துக்கும், கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்து நீர் பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்கும் திருப்பப்படுகின்றன. அவை திட்டமிட்டுச் செய்தவை. மதகுகளைக் கொண்டு அடக்கத்தக்கவை. ஆனால் மனைக்காகக் கொட்டும் மண்ணுக்கும், உயர்த்தும் சாலைக்கும், தூர்ந்த வரத்துக் காலுக்கும் மதகு இல்லை. சில அடி உயர வேறுபாடே உள்ள நிலத்தில் இரண்டு அடி மண் கொட்டினால், ஒரு பக்கத்து ஏரி வறளும். மறுபக்கத்து நாற்று அழுகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியினின்று விநாடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் திறந்து விடப்பட்டது. எந்த நிலத்து நீர் எந்த ஏரிக்குச் செல்லும் என்று முன்னரே அறிந்திருப்பதன் அவசியத்தை அவ்வாண்டு யாவருக்கும் உணர்த்திற்று.

இது சர்வே இலாகாவின் வேலையன்றோ எனச் சிலர் கேட்கலாம். இலாகாவின் படம் அளந்த நாளின் நிலையையே காட்டும். அதன்பின் கொட்டிய மண்ணை அது அறியாது. ஆதலின் ஒவ்வொரு கிராமத்திலும் நீர் பிரியும் மேட்டின்மீது சில கற்களை நிலையாக நட்டு, அவற்றின் மட்டத்தை லெவல் கருவியால் ஒருமுறை எடுத்து, கிராமப் படத்தில் குறித்து வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன், அக்கற்களை ஒட்டிய நிலமட்டத்தை நீர் நிரப்பிய குழாயைக் கொண்டு கொத்தனாரே ஒத்துப் பார்க்கலாம். மழை பெய்யும் நாளில் நீர் எப்பக்கம் ஓடிற்று என்பதையும் குறிக்க வேண்டும். மண் கொட்டவோ சாலை உயர்த்தவோ இசைவு கோருவோரிடம், கிராம அதிகாரிகள் முதலில் இக்குறிப்பை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

1802-இல் இந்திய நில அளவைக்கு லாம்டன் அடிக்கோடு அளந்தது இவ்வூருக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையின் அருகேயாகும். அத்தகைய நாட்டில், நீரின் வரப்பை அளக்காது விடுத்து, வெள்ளம் வந்தபின் அயலூராரோடு வழக்காடுவது பொருந்தாது. குடியானவர்களும் அதிகாரிகளும் அடுத்த பருவமழைக்கு முன்பே இப்பணியைத் தொடங்குவார்களாக.