ஆட்டுக் கரு செல் மாத்திரைக்குள் உயிரோடு இருக்குமா?

போன மாதம் ஓர் அம்மா முழங்கால் வலி என்று என் கிளினிக்குக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"மாப்பிள்ளை வெளிநாட்டிலேர்ந்து வாங்கிட்டு வந்தார் டாக்டர். ஆட்டுக் கருவிலேர்ந்து எடுத்த ஸ்டெம் செல்லாம். தேய்ஞ்ச மூட்டு திரும்ப வளருமாம். சாப்பிடலாமா?"

விலையைக் கேட்டேன். அவர் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு!

ஸ்டெம் செல் பொய்யல்ல. கரு உருவான சில நாட்களில், கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்ளும் முன்பு, சின்னப் பந்து போல இருக்கும். பசுவுக்கு இது ஏறக்குறைய ஏழாம் நாள். அந்தப் பந்தின் உள்ளே இருக்கும் செல்கள் தோல், எலும்பு, ரத்தம், நரம்பு என எதுவாகவும் மாறக்கூடியவை. அவற்றைப் பிரித்தெடுத்து, வேறொன்றாக மாறவிடாமல் பெருக வைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

1981-ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் எலியின் செல்களை இப்படி வளர்த்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும் சாதித்தார். 1998-ல் மனிதக் கருவிலும் முடிந்தது. மாட்டுக்கு மட்டும் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் கால்நடைகளின் செல்கள் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. எலி செல்லுக்கு ஒத்துக்கொண்ட ஊட்டத் திரவம் மாட்டு செல்லுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் பெருகும். பிறகு வேறு செல்லாக மாறிவிடும், அல்லது செத்துவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பாப்லோ ராஸ் குழுவினர், பசுவின் கரு செல்களை நிலையாக வளர்க்கும் வழியை 2018-ல்தான் வெளியிட்டார்கள். எலியிலிருந்து பசுவுக்கு வர 37 ஆண்டுகள்! உடல்வாகுக்கு உடல்வாகு மருந்து மாறும் என்று படித்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். உடல் சூட்டில் வைத்து, திரவம் மாற்றி, கைக்குழந்தை போல கவனித்தும் தங்காத செல், மாதக்கணக்கில் கடை அலமாரியில் இருக்கும் மாத்திரைக்குள் உயிரோடு இருக்குமா? அப்படியே இருந்தாலும், விழுங்கினால் ஆட்டுக்கறி போல வயிற்றில் ஜீரணமாகிவிடும். மூட்டுக்குப் போய் உட்காராது.

இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கறவை இனத்தைச் சீக்கிரம் பெருக்கவும், கால்நடை நோய்களைப் புரிந்துகொள்ளவும் அது உதவக்கூடும். அதன் பெயரை ஒட்டி விற்கும் பாட்டிலைத்தான் வேண்டாம் என்கிறேன். சில ரத்த நோய்களுக்கான சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை வழக்கமான மருத்துவமாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகளே ஏற்கவில்லை. எங்கள் துறையிலும் 'ஒரே மண்டலத்தில் சர்க்கரை போகும்' என்று லேகியம் விற்பவர்கள் உண்டு. அவர்களும் இவர்களும் எனக்கு ஒன்றுதான்.

அந்த அம்மாவுக்கு எடை குறைய உணவு முறை, தொடைத் தசைக்குப் பயிற்சி, மேலே தடவ ஒரு தைலம் சொன்னேன். எலும்பு மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன்.

"மாப்பிள்ளை கேட்டா என்ன டாக்டர் சொல்றது?"

"அடுத்த தடவை பாட்டில் வேணாம், பேரனைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுங்கம்மா. அவன் பின்னால நாலு நாள் நடந்தாலே காலுக்கு நல்லது!"