மணி பார்க்க அல்ல

ஏலம் என்றால் நமக்குத் தெரிந்தது அடகுக் கடையில் முழுகிப்போன நகையும், கோயில் வாசலில் செருப்புக் காவல் உரிமையும்தான். கைக்கடிகாரத்தையும் ஏலம் விடுகிறார்கள். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் கம்பெனி (பல்பு பிலிப்ஸ் இல்லை, இவர்கள் வேறு) ஒரு பழைய ரோலக்ஸ் டேடோனாவை ஏலத்துக்கு வைத்தது. எடுத்த எடுப்பிலேயே போனில் ஒருவர் 1 கோடி டாலர் என்றார். 12 நிமிஷத்தில் 1 கோடியே 55 லட்சம் டாலரில் சுத்தியல் விழுந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். தங்கமா, வைரமா என்று கேட்காதீர்கள். ஸ்டீல். சாவி வேறு கொடுக்கணும்.

அறுபதுகளில் அந்த மாதிரி டயல் ஷோ கேஸில் தூங்கிய சரக்கு. சில நூறு டாலர்தான் விலை. ஆனால் இந்த வாட்சைக் கட்டியிருந்தவர் நடிகர் பால் நியூமன். கார் ரேஸ் பைத்தியம். மனைவி ஜோன் உட்வர்ட் அதன் பின்னால் 'ஜாக்கிரதையாக ஓட்டு' என்று பொறித்துக் கொடுத்திருந்தார். (எல்லா ஊர் மனைவிகளும் ஒன்றுதான்.) 1984-ல் மகளின் காதலன் தோட்டத்தில் மரவீட்டை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தபோது நியூமன் மணி கேட்டார். 'எங்கிட்ட வாட்ச் இல்லை' என்றான் பையன். கழற்றிக் கொடுத்துவிட்டார். நம்ம ஊரில் மாமனார் கல்யாணம் முடிந்துதான் வாட்ச் போடுவார். அங்கே கல்யாணம் நடக்கவேயில்லை, வாட்ச் மட்டும் தங்கிவிட்டது.

வாங்கியவர் கட்டியது 1 கோடியே 77 லட்சத்துக்கு மேல். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக் கம்பெனிக்கு வாங்குபவர் தரும் கமிஷன் அது. சின்ன வாட்ச் என்றால் நூற்றுக்கு 25, அதற்கு மேலும் போகும். 4 லட்சத்துக்குக் கேட்டு ஜெயித்தால் பில் 5 லட்சம். அப்புறம் கஸ்டம்ஸ்காரர் வேறு காத்திருப்பார். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே நெட்டில் ஏலம் கேட்கலாம் என்பதால் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது.

இந்த வியாபாரத்தில் விலை மெஷினுக்கு இல்லை, டயலுக்கு. கறுப்பு டயல் வெயிலில் வெளுத்துப் பிரவுனானால் விலை ஏறும். அதையே அழகாகப் புதுசாகப் பெயின்ட் அடித்தால் பாதாளத்துக்குப் போகும். கேஸைப் பாலீஷ் போட்டு ஓரமெல்லாம் மழுங்கினால் அதுவும் போச்சு. அப்பாவின் பழைய எச்எம்டியை 'புது டயல் போட்டுப் பளபளன்னு தரேன் சார்' என்று ரிப்பேர்க்காரர் சொன்னால், 'எண்ணெய் விட்டுச் சுத்தம் பண்ணுங்க, போதும்' என்று சொல்லிவிடவும்.

எல்லாப் பார்ட்டும் பிறந்ததிலிருந்து அதே வாட்சில் இருந்தவைதானா? அதுதான் கோடி ரூபாய்க் கேள்வி. பல வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்த பிண்டத்துக்கு இவர்கள் வைத்த பெயர் 'ஃபிராங்கன் வாட்ச்'. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிரவுன் டயல் வைத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று வந்தது. 1,20,000 பிராங்குக்குள் போகும் என்று மதிப்பீடு. போனது 31 லட்சத்துக்கு மேல். 2023-ல் அது பல இடத்துப் பார்ட்டுகளைக் கோத்தது என்று தெரியவந்தது. சொன்னது ஒமேகாவே. தங்கள் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் கை உண்டு என்றும் சொன்னார்கள்.

அத்தனை பணம் கொடுத்து அதை வாங்கியது யார் என்கிறீர்களா? ஒமேகாவின் சொந்த மியூசியம்.