தகப்பன் பெயரோடு இசையும் பெயர்

அயலிலே வாழும் சிங்களச் சகோதரர்களுக்குப் பரம்பரைப் பெயர் உண்டு; மலையகத் தமிழராகிய நமக்கோ அந்த ஸ்தானத்தை வகிப்பது தகப்பன் பெயரே ஆதலால், பதுளையிலும் பசறையிலும் நமுனுகுலைச் சாரல் தோட்ட லயங்களிலும் பிள்ளைக்கு நாமகரணம் செய்யும் பெற்றோர் முதலில் செவிகொடுக்க வேண்டியது அந்தப் பெயருக்குத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எண்கணிதம் பார்த்து, நட்சத்திரத்துக்குரிய எழுத்தைக் கேட்டு, ஷகரமும் ஜகரமும் விரவிய புதுப்பெயரைத் தேடியலைகிறவர்கள், அதைத் தகப்பன் பெயரோடு சேர்த்து ஒரு தரமேனும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. 'மாரிமுத்து நிலானி' என்றால் நாவுக்குத் தடையில்லை. 'மாரிமுத்து அகிலா' என்றால் உகரம் கெட்டு 'மாரிமுத்தகிலா' என்று இரண்டும் ஒன்றாகிவிடும். 'பெருமாள் லக்ஷன்' என்றாலோ ளகரமும் லகரமும் முட்டி நா இடறும். தனித்தனியே எல்லாம் இனிய பெயர்கள்தாம், சேர்க்கையிலேதான் குறை.

ஓசையினும் பெரிய விஷயம் அபிமானம். முனியாண்டி, கருப்பையா என்னும் பெயர்களை நாகரிகமற்றவை என்றெண்ணி ஓரெழுத்துக்குள் மறைத்துவிடுகிறோம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கூப்பிடப்பட்டு, செக்ரோல் என்னும் வரவேட்டில் பதியப்பட்டு, இம்மலைகளைத் தேயிலையாக்கியவை அப்பெயர்களே. அப்பெயர்கள் பட்ட பாடோ சிறிதன்று. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவைப் பதுளை தன் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருஷமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அதன்பின் பிரஜாவுரிமை கோரி மனுச் செய்தவர்களுக்கு, ஒரு பத்திரத்தில் கண்ட பெயர் இன்னொன்றில் வேறாக இருந்ததும் இடையூறாயிற்று. 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வரை நீடித்த அந்தத் துன்பத்தைச் சுமந்த பெயர்களுக்காகப் பிள்ளைகள் வெட்கப்படலாகாது.

பத்திரத்துக்குப் பத்திரம் பெயர் மாறினால் வரும் இடரை அறிந்தோம்; ஆகவே, புதுப்பெயரைத் தேர்கையில் அது தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்று லிபிகளில் எவ்வாறு நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 'யாழினி' அழகிய பெயர். ஆனால் சிங்கள நெடுங்கணக்கில் ழகரத்துக்கு எழுத்தில்லை, ஆங்கிலத்திலோ ஆளுக்கொரு விதமாக எழுதுவர். அப்பெயரை விரும்புவோர் விட்டுவிட வேண்டியதில்லை. பிறப்பைப் பதிவதற்குரிய 42 நாளுக்குள் மூன்று மொழியிலும் எழுத்தை நிச்சயித்து, தாளில் எழுதிக் கொண்டுபோனால் போதும்.

அரசாங்கத்துக்கும் இதில் கடமை உண்டு. பதிவாளர் தாம் எழுதியதைப் பெற்றோருக்குத் தமிழிலே வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்பதை ஊவா மாகாணத்தின் ஒவ்வொரு பதிவகத்திலும் கண்டிப்பான விதியாக்க வேண்டும். பெற்றோரும் அவ்விடத்தில் தகப்பன் பெயரைச் சுருக்காமல் முழுமையாகச் சொல்லி எழுதுவிப்பாராக.