வளர்ப்பு சரியில்லை என்று சொல்வதற்கு முன்...

ஒரு பையன் போலீஸில் மாட்டினால் எங்கள் ஊரில் முதலில் வரும் வார்த்தை, "வளர்ப்பு சரியில்லை". அதோடு விசாரணை முடிந்தது, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

எனக்கு ஊர் இடையஞ்சாவடி. தெற்கே கொஞ்ச தூரம் போனால் பாண்டிச்சேரி எல்லை. வடக்கே கடற்கரையோடு போனால் மரக்காணம் உப்பளம். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவுக்கு வரி குறைவு, விலையும் குறைவு. இந்தப் பக்கம் டாஸ்மாக். விலை வித்தியாசத்தில் லாபம் பார்ப்பது எப்படி என்று எனக்கு பி.காம்.மில்தான் பாடம் நடத்தினார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் எட்டாம் வகுப்பிலேயே படித்து முடித்துவிடுகிறார்கள்!

குற்றம் என்று சொல்லி யாரும் ஆரம்பித்து வைப்பதில்லை. "தம்பி, பாண்டியிலேருந்து வரும்போது அண்ணன் ஒரு பை குடுப்பாரு, வாங்கிட்டு வந்துடு." அவ்வளவுதான். கேட்பவர் மாமா முறை, சித்தப்பா முறை. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் பாட்டில் வேண்டும். கைக்கு நூறு ரூபாய் வரும். மறுத்தால்தான் மரியாதை தெரியாத பையன்.

பத்தாவது படிக்கும்போது என்னிடமும் ஒருவர் கேட்டார். நானும் வாங்கினேன். பஸ் விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தா, கனமா இருக்கு போல. உங்கப்பா வருவாரு, நானே குடுத்துடட்டுமா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை. இதில் என் வளர்ப்பு எங்கே இருக்கிறது? அப்பாவுக்கு இன்று வரை விஷயமே தெரியாது.

என் கூடப் படித்த ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். அப்பா இல்லை. அம்மா விடியற்காலையில் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அவனும் அதே பஸ்ஸில் வந்து, அதே கடை முன்னால்தான் இறங்குவான். அவனை டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்டதில்லை. பிறகு ஒரு நாள் நானே ஏன் என்று கேட்டேன். "அந்தத் தெருப் பசங்களை நாம எப்படிப்பா கேக்கிறது?" என்றார். அந்தத் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்ல மனிதர்தான். அவருடைய அக்கறைக்கும் ஒரு எல்லை இருந்தது, பாண்டி எல்லை மாதிரியே.

சிகாகோவில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்று இரண்டு ஆய்வாளர்கள் 1942ல் ஒரு புத்தகம் போட்டார்கள். நகரத்தில் சில பகுதிகளில் ஒரு நாட்டுக்காரர்கள் போய் இன்னொரு நாட்டுக்காரர்கள் குடிவந்தாலும் சிறுவர் குற்றங்கள் குறையவில்லை. ஆள் மாறியும் தெரு மாறவில்லை. 1997ல் வெளியிட்ட ஆய்வுக்காக ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் அதே ஊரில் 343 பகுதிகளில் 8,782 பேரைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா என்பது ஒரு கேள்வி. செய்வார்கள் என்று சொன்ன பகுதிகளில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. எங்கள் டீக்கடைக்காரர் பாதி சாம்ப்சன்!

ஒரே வீட்டில் அண்ணன் ஜெயிலுக்கும் தம்பி வேலைக்கும் போவதில்லையா என்பீர்கள். போகிறார்கள். தெரு எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அம்மா காவல் இல்லாத நேரத்தில் யாருடைய கண் இருந்தது என்றுதான் கேட்கிறேன்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். அதே சமயம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர். மெத்தனால். அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். பிறகு சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை என்று ஆக்கினார்கள். சரிதான். ஆனால் எங்கே விற்கிறது என்று தெரியாமல் யாரும் போய் வாங்கியிருக்க முடியாதே? தெருவுக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்து கொடுக்கும் பையன்களையும் தெரியும்.

என் நண்பன் 17 வயதில் செக்போஸ்ட்டில் மாட்டினான். இளைஞர் நீதிக் குழுமம் அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பியது. 2015ம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி, இப்படிப்பட்ட வழக்கால் பிற்காலத்தில் அவனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது, பதிவுகளையும் அழித்துவிட வேண்டும். சட்டம் மறந்துவிடத் தயார். ஊரில் அவன் பெயர் இன்றும் "பாட்டில்". ஒரு கடையில் வேலை கேட்டுப் போனான், அங்கேயும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது லோடு ஏற்றுகிறான்.

அவனுக்கு ஒரு தம்பி, ஒன்பதாவது. போன வாரம் சாயங்காலம் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு கனமான பையை மாட்டிக்கொண்டு போனான். கூப்பிட்டேன், நின்றான். கேட்டுவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். வாயில் வந்தது, "பரீட்சை எப்போடா?" மட்டும்தான். "அடுத்த மாசம்ணா" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான்.