தடவிப் பார்க்கும் சொல்

ஆட்டுக்குட்டி துள்ளிக் குதித்தால் ஆங்கிலேயர் அதை 'ஃப்ரிஸ்க்' என்பார். விமான நிலையத்தில் காக்கிச் சீருடைக்காரர் உங்களை மேடையில் ஏற்றி, கைகளை விரிக்கச் சொல்லி, தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்தால் அதற்கும் 'ஃப்ரிஸ்க்' என்றே பெயர். துள்ளலுக்கும் தடவலுக்கும் என்ன உறவு?

இடையில் திருடர்கள் இருக்கிறார்கள். சுறுசுறுப்பு என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயத் திருடர்கள் இதைத் தங்கள் குழூஉக்குறியாக்கிக்கொண்டார்கள். வழிமறித்த ஆளின் பைகளை விறுவிறுவென்று துழாவுவதுதான் அவர்களுக்கு ஃப்ரிஸ்க். 1811இல் வெளிவந்த லண்டன் கொச்சைமொழி அகராதி ஒன்றில் இது திருடர்களின் சொல்லாகவே பதிவாகியிருக்கிறது. பிறகு போலீஸ் அதைத் தனதாக்கிக்கொண்டது. திருடர்களிடம் கைப்பற்றியதில் திருப்பித் தரப்படாத பொருள் இது!

அமெரிக்கர்கள் இன்னும் மென்மையானவர்கள். அவர்கள் அதை 'பேட் டவுன்' என்கிறார்கள். குழந்தையை முதுகில் தட்டிக்கொடுப்பதற்கும் அதே 'பேட்'தான். சொல் எவ்வளவு செல்லமாக இருந்தாலும் செயல் செல்லமானதல்ல என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968இல், டெர்ரி எதிர் ஒஹாயோ வழக்கில் சொன்னது. பொது இடத்தில் ஒருவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துத் தடவுவதை அற்ப விஷயமாகக் கருத முடியாது என்றது. அதே தீர்ப்பில் அனுமதியும் கொடுத்தது. ஆள் ஆயுதம் வைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் மேலாடையைத் தட்டிப் பார்க்கலாம்.

அந்த அனுமதி எங்கே போய் நின்றது? 2011இல் மட்டும் நியூயார்க் போலீஸ் தெருவில் சுமார் 6.85 லட்சம் தடவை ஆட்களை நிறுத்தி விசாரித்தது. இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஃப்ரிஸ்க்கும் நடந்தது. பத்தில் ஒன்பது பேரை எந்த நடவடிக்கையும் இன்றி அனுப்ப வேண்டியிருந்தது. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். போலீஸ் இதைச் செய்த விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 2013இல் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார்.

இந்தச் சொற்களுக்குள் ஒரு படிவரிசை இருக்கிறது. ஃப்ரிஸ்க், பேட் டவுன் என்றால் உடுத்திய உடைக்கு மேலாகத் தடவுவது மட்டும். ஆடைகளைக் களையச் சொன்னால் அது 'ஸ்ட்ரிப் சர்ச்'. உடலின் உள்ளறைகள் வரை போனால் 'கேவிட்டி சர்ச்'. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைதானபோது டெல்லியும் வாஷிங்டனும் மோதிக்கொண்டதில் இந்தப் படிவரிசைக்கும் பங்கு உண்டு. ஸ்ட்ரிப் சர்ச் நடந்தது, அது வழக்கமான நடைமுறை என்றது அமெரிக்கத் தரப்பு. மூன்றாவது வகை நடக்கவே இல்லை என்றும் மறுத்தது. நடந்தது என்றார் அதிகாரி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் மானம் இருந்தது.

நம்மவர்களில் பெரியவர்கள் பலர் இந்தப் படிகளில் நின்றிருக்கிறார்கள். 2010இல் மிசிசிப்பி மாநில விமான நிலையத்தில் இந்தியத் தூதர் மீரா சங்கருக்கு பேட் டவுன் நடந்தது. அப்போது அவர் சேலை உடுத்தியிருந்தார். 2011இல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்ட அப்துல் கலாமின் ஷூவையும் கோட்டையும் வாங்கிச் சோதித்தார்கள். அமெரிக்கா பிற்பாடு வருத்தம் தெரிவித்தது. கலாம் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் வருத்தக் கடிதம் எல்லோருக்கும் வருவதில்லை.

நம் ஊரில் நிலைமை என்ன? இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு எல்லாமே 'ஃப்ரிஸ்கிங்'தான். டெல்லி மெட்ரோவில் ஏறும் பயணிக்கும், மாலுக்குள் நுழையும் குடும்பத்துக்கும், தேர்வு மையத்து மாணவிக்கும் ஒரே சொல். சட்டம் இந்தச் செல்லப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. கைதானவரைச் சோதிப்பது பற்றிப் பேசும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51வது பிரிவு அதைத் 'தேடுதல்' என்றே குறிப்பிடுகிறது. பெண்ணை இன்னொரு பெண்தான், கண்ணியத்தைக் கண்டிப்பாகக் காத்துச் சோதிக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 49வது பிரிவு. மால் வாசலில் நிற்கும் தனியார் காவலாளிக்கோ போலீஸ் அதிகாரம் கிடையாது. நீங்கள் சம்மதிப்பதால் தடவுகிறார். சம்மதிக்காவிட்டால் உள்ளே விட மறுக்கலாம், அவ்வளவுதான்.

சொல் தெளிவில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் சாட்சி. 2022 ஜூலையில் கொல்லம் மாவட்டத்தில் நீட் எழுத வந்த மாணவிகள், உலோகக் கொக்கி இருப்பதாகச் சொல்லி உள்ளாடையைக் கழற்றவைத்தார்கள் என்று புகார் செய்தார்கள். சிலர் கைதானார்கள். 2017இல் கண்ணூரிலும் இதே போன்ற புகார் வந்தது. தேர்வு விதிகளில் இருந்ததோ 'ஃப்ரிஸ்கிங்'. நடந்ததாகச் சொல்லப்பட்டது அடுத்த படி. 17, 18 வயதுப் பெண், அடுத்த சில நிமிடங்களில் தன் எதிர்காலத்தையே எழுதப்போகிறவள், இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்பாளா? கூனிக் குறுகிப் போய் உட்கார்ந்து எழுதுவாள்.

தமிழில் சிக்கல் இன்னும் பெரிது. ரத்தத்துக்கும் சோதனை, வருமான வரிக்காரர் வீட்டுக்கு வந்தாலும் சோதனை, கடவுள் கைவிட்டாலும் சோதனை. நாளிதழ்கள் 'உடல் சோதனை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மேலே தடவினார்களா, களையச் சொன்னார்களா என்று வாசகர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். 'தடவிச் சோதனை', 'ஆடை களைந்து சோதனை' என்று பிரித்து எழுதினால் இரண்டு வார்த்தை கூடுதலாகும். உண்மையும் கூடும்.

யாராவது ஆட்சேபித்தால் நம்மிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமென்ன? பாதுகாப்பு வேண்டும்தான், வெடிகுண்டுக் காலத்தில் வாழ்கிறோம். ஆனால் பழமொழி மடியோடு நின்றுவிட்டது. மடிக்கு அப்பால் கை போகும்போது அது எந்தச் சோதனை, யார் செய்ய வேண்டும், எங்கே வைத்துச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிற உரிமை மடியில் கனமில்லாதவருக்கும் உண்டு. அவருக்குத்தான் அதிகம் உண்டு.